கதிர்க்குருவி வராத தோட்டம்

ரசல் பிங்கமுக்கு உலகத்தில் பாதிப் பேர் சோம்பேறிகள், மீதிப் பேர் மடையர்கள். பக்கத்து வீட்டு டக் இரண்டிலும் சேர்த்தி. அவன் கொல்லையில் துருப்பிடித்த படகு, சாய்ந்த கொட்டகை, கொட்டகையை மூடிய விஷக்கொடி. பட்டாலே கொப்புளம் கிளம்பும்.

"எலிகூட ரெண்டு தடவை யோசிச்சுத்தான் அங்க குடிவரும்" என்பார் ரசல்.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி ஈனிட்டுக்கு ஜன்னலே கதி. இலையுதிர் காலத்தில் தங்கள் ஊரான கேப் காட்டின் கடலோரமாகத் தெற்கே போகும் கதிர்க்குருவிகள் தன் தோட்டத்தில் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. "இறக்கிக் காட்டறேன்" என்றார் ரசல். அந்தக் குருவிகள் விரும்பித் தின்னும் காய் காய்க்கிற, இந்த மண்ணுக்கே உரிய பேபெரிச் செடிகளாகத் தேடி வாங்கினார். நர்சரியில் சாம்பல் நிறக் காய் அப்பிக் கிடந்தவற்றை அழுக்கு என்று தள்ளிவிட்டு, பளபளவென்று இருந்தவற்றை மட்டும் பொறுக்கினார். மூன்று வருஷமாகியும் ஒரு காய் இல்லை. நர்சரிக்காரியைப் போனில் பிடித்துக் காய்ச்சினார்.

"பெண் செடி ஒண்ணாவது வாங்கினீங்களா?" என்றாள் அவள். "நீங்க வாங்கினது பூரா ஆண். எப்படிக் காய்க்கும்?"

அந்த நவம்பரில் குருவிகள் வந்தன, டக் வீட்டுக்கு. வாலுக்கு மேலே மஞ்சள் திட்டோடு கூட்டமாக இறங்கி, விஷக்கொடியின் வெள்ளைக் காய்களைக் கொத்தின. மனிதனுக்குத்தான் அது விஷம். ஈனிட் தினமும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு டக்கின் அடுப்படி ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவள் சிரிப்பது ரசலுக்குக் கேட்டது. தன் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நன்றித் திருநாள் விடுமுறைக்கு டக் தன் மகள் வீட்டுக்குப் போனான், ஈனிட் தங்கை வீட்டுக்கு. ரசல் கையுறை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். இலை உதிர்ந்த வெறுங்குச்சி என்ன செய்துவிடும் என்று இளக்காரமாக நினைத்தார். கொடியைக் காயோடு பிடுங்கி, மார்போடு அணைத்துக் கொண்டுபோய்க் குப்பையில் தள்ளினார். இனி அவள் இங்கேயே உட்காருவாள்.

ஈனிட் திரும்பிய மறுநாள் டக் வாசலில் வந்து நின்றான்.

"என்னப்பா ரசல், காத்து என் கொடியப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு போல. எனக்கு ஒரு வேலை மிச்சம். பாவம், குருவிங்கதான் ஒண்ணையும் காணோம்."

ஈனிட் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கழுத்துல என்ன?"

"ஸ்வெட்டர் உறுத்துது."

அவள் எழுந்து வந்து காலரை விலக்கினாள். கழுத்து முழுக்கக் கொப்புளம்.

"குருவியப் பாக்கத்தான் ரசல் நான் அங்க போனேன்" என்றாள். "இனிமே டக்கைப் பாக்கப் போவேன். அவன் யாரையும் மட்டமாப் பேசி நான் கேட்டதில்ல."

டக் ஒன்றும் புரியாமல் விழித்தான். ஈனிட் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கினாள்.