எதை நிறுத்தியதால் நின்றது

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு ‘ஹாரன் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை, ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை நம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற பிழைப்பு இது. கத்தாமல் எப்படி இருப்பது?

அந்தக் காருக்குள்தான் அதை முதலில் பார்த்தேன். பின்னால் வருகிற வண்டிகளைக் கவனிக்க என் பக்கம் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். அன்றைக்கு ஏசி ரிப்பேர். ஜன்னலை இறக்கியதும் காற்றில் முன்முடி பின்னால் பறந்தது. கண்ணாடியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தாள். நெற்றிக்கு மேல் ஒரு விரல் அகலத்துக்கு, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும், பூனைமுடிகூட இல்லாமல் வழவழவென்று வெளுத்துக் கிடந்தது. பஸ்ஸைத் தவற விட்டவர்கள் மாதிரி நாலைந்து முடி மட்டும் முன்னால் தனியாக நின்றன. புருவம் மெலிந்து ரொம்ப நாளாகிறது. வயசு என்று நினைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன்.

“அக்கா, சிக்னல்!” என்று பக்கத்தில் ஓட்டிக் கற்றுக்கொண்டிருந்த பல் டாக்டர் அலறினார். பிரேக்கை மிதித்தேன். எனக்கு ஒருத்தர் சிக்னல் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். “வெளிச்சத்துல அப்படித் தெரியுது” என்றார். அவருக்குக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. என்னிடம் கற்றுக்கொள்கிறவர்கள் இடித்துக்கொண்டு வருவதையெல்லாம் அவர் பட்டறையில்தான் சரிசெய்வோம். எங்களுக்குப் பழக்கமானதே அப்படித்தான், வாரம் ஒரு பம்பர். கதவில் பெயிண்ட் ஒரு நூல் மேடுதட்டினாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷன், வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டார்.

தோல் டாக்டரம்மா நெற்றி ஓரத்தில் கடுகளவு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ‘ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபேஷியா’ என்று வந்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே பாதி முடி கொட்டிவிடும்.

“முடி வேர் இருக்கற இடம் தழும்பாயிடுதுங்க. போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தப் பாப்போம்.”

“எதனால டாக்டர் வருது?”

“உறுதியாத் தெரியாது. முகத்துல தடவி அப்படியே விட்டுடற கிரீம், சன்ஸ்கிரீன் மேல எல்லாம் சந்தேகம் இருக்கு. நிரூபணம் இல்ல. முதல்ல மாத்திரை ஆரம்பிப்போம். கிரீமை மட்டும் நிறுத்துங்க. மத்ததுல ஆறு மாசத்துக்குக் கை வைக்காதீங்க, அப்பதான் எது என்னன்னு ஓரளவாவது புரியும்.”

கிரீமை நிறுத்துவதா! வெயில் பட்டுக் கன்னத்தில் மங்கு வந்து, அதற்காகத்தானே பத்து வருஷமாகச் சன்ஸ்கிரீன் பூசுகிறேன். அதை எழுதிக் கொடுத்ததும் ஒரு தோல் டாக்டர்தான். யார் சட்டையைப் போய்ப் பிடிப்பது?

புரிந்துகொள்கிற பொறுமை எனக்கு ஏது? செல்போனில் தேடினேன். இதே வியாதிக்காரிகள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இருந்தது. ஒருத்திக்கு ஷாம்பு, இன்னொருத்திக்கு முடிச்சாயம், வேறொருத்திக்குத் துணி அலசும்போது ஊற்றுகிற வாசனைத் தண்ணீர். ஒவ்வொருத்தியும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். படிக்கப் படிக்க நெற்றி அரித்தது. கடைசியில் என் அக்கா வந்தாள். என் தலையைப் பார்த்தாள், கொடியில் தொங்கிய வீட்டுக்காரர் சட்டையை மோந்து பார்த்தாள்.

“ஏன்டி, பெயிண்ட் தின்னர் டப்பாவை வீட்டுக்குள்ள படுக்க வெச்சுக்கிட்டு, வெளிய போய் என்னத்தைத் தேடற?”

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பேய் பிடித்த மாதிரிதான் இருந்தது. குளியலறைத் தட்டில் இருந்த அத்தனையையும் ஒரேயடியாக வழித்துக் குப்பைப் பையில் போட்டேன். சன்ஸ்கிரீன், ராத்திரி கிரீம், பவுடர், சாயம், ஷாம்பு, புருவப் பென்சில். இன்னும் ஆறு மாசம் பொறுத்து, அடுத்ததை நிறுத்தி, மறுபடி ஆறு மாசம் பொறுக்க நான் என்ன மரமா? அதற்குள் உச்சந்தலை வரைக்கும் போய்விடுமே! எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரே தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“ஒரு மாசம்தாங்க” என்றேன்.

“ஹாலுக்குத்தானே போறேன், விசா எல்லாம் எடுக்க வேணாம்” என்று சிரித்தார்.

ஒரு மாசம் ஒரு வருஷத்தைத் தாண்டியது. பட்டறையிலேயே குளித்துவிட்டு வருவார், வந்தும் ஒரு தரம் குளிப்பார். நகக்கண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். அப்படியும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். படுக்கையறைக்கு வெளியே நின்றே பேசுவார். கரண்ட் பில், கேஸ், பல்லி, எல்லாம் நிலைப்படியில் நின்றபடிதான். நான் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொல்வேன். முப்பது வருஷம் அவர் முதுகில் கால் போட்டுத் தூங்கியவள் நான். இப்போது நடுவில் ஒரு தலையணையை நட்டு வைத்து அதன்மேல் கால் போட்டேன். தூக்கம் வந்தால்தானே.

முகத்தில் மங்கு கரியைப் பூசிய மாதிரி ஏறிவிட்டது. முடி வெளுத்துவிட்டது. சாதா சோப்பில் தலைகுளித்து மிச்சமிருந்ததும் துடைப்பமாகிவிட்டது. தலையில் எந்நேரமும் துணி. எவ்வளவு புழுக்கமானாலும் கார் ஜன்னலை இறக்குவதில்லை. பல் டாக்டர் லைசன்ஸ் வாங்கிப் போகிற அன்றைக்கு, “உடம்பைப் பாத்துக்குங்க அக்கா” என்று குரலை இறக்கிச் சொன்னார். எனக்கு என்னவோ நாளைக்கே முடிந்துவிடும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

போன வாரம் டாக்டரம்மா மறுபடி அளந்தார். மூக்குக்கு மேலே, இரண்டு புருவமும் சேருகிற இடத்தில் ஸ்கேலை வைத்து, முடி தொடங்குகிற இடம் வரைக்கும். நடுவில் ஒரு தரம், ஓரங்களில் ஒரு தரம். லென்ஸ் வைத்து வேர்களைப் பார்த்தார்.

“நின்னிருக்குங்க. சிவப்பும் இல்ல. ஒரு வருஷமா நகரல.”

அழுதுவிட்டேன். அந்தம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன், “எதை நிறுத்தினதால டாக்டர் நின்னுது?”

“அதை நான்தான் உங்களைக் கேக்கணும். கிரீமை மட்டும்னு சொன்னேன், நீங்க வீட்டையே காலி பண்ணிட்டீங்க. மாத்திரையாலயும் நின்னிருக்கலாம். சிலருக்குத் தானாவும் நிக்கும்.”

“இப்ப என்ன பண்ணட்டும்?”

“ஏதாவது ஒண்ணு ரொம்ப வேணும்னா ஆரம்பிங்க. ஆறு மாசம் பாப்போம். அப்புறம் அடுத்தது.”

“அதுதான் காரணமா இருந்து தொலைச்சா?”

“மறுபடி நகரும். நகர்ந்தது திரும்பாது.”

வீட்டுக்காரர் ஹாலில் படுக்கிற கதையையும் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தின்னரால இது வந்ததா நான் எங்கயும் படிச்சதில்லங்க. அவரை எதுக்கு வெளிய அனுப்பினீங்க?”

“அப்ப அது இல்லவே இல்லன்னு எழுதித் தருவீங்களா?”

“காரணமே தெரியாத வியாதிக்கு, இது இல்லன்னு நான் எப்படிங்க சத்தியம் பண்றது?”

நல்ல மனுஷி. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்னவாம்?

நின்றுவிட்டது என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அப்பாடா!” என்று சுவரில் சாய்ந்துகொண்டார். அன்றைக்கு என்னைவிட அவர்தான் அதிகம் சாப்பிட்டார். வாரம் முழுக்க எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தலையணையோடு நிலைப்படியில் வந்து நின்றார். முகத்தில் மாப்பிள்ளைக் களை.

“நின்னுதான் போச்சே. உள்ள வரட்டுமா?”

எழுந்து அவரிடம் போகத்தான் நினைத்தேன். ஆனால் கை தன்னால் தலைத்துணியைத் தொட்டது. அதை அவர் பார்த்துவிட்டார்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆறு மாசம், தப்பானால் போனது போனதுதான். பொறுமையாகக் கேட்டார். தலையணையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“சரி. ஷாம்பு, பவுடர், அது இதுன்னு பெரிய க்யூ இருக்கே. இதுல நான் எத்தனாவது?”

கிண்டலாகத்தான் கேட்டார்.

“கடைசி” என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. “பவுடருக்கும் பின்னாலயா?”

“ஐயோ, அப்படி இல்லைங்க! பவுடர்தான் காரணம்னு தெரிஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாப்பேன். நீங்கதான்னு தெரிஞ்சா? உங்களை என்ன பண்ணுவேன்? அதைத் தெரிஞ்சுக்கற தைரியம் எனக்கு இல்ல. இப்ப சந்தேகம்தானே, சந்தேகத்தோட எப்படியோ இருந்துடறேன். நீங்கதான்னு மட்டும் எனக்குத் தெரியவே கூடாது. அதனாலதான் கடைசி.” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு ஆசையை இதற்கு முன்னால் அவரிடம் நான் சொன்னதே இல்லை.

அவர் தலையைக் குனிந்து தலையணை உறையின் முனையைச் சரிசெய்தார். பிறகு நிதானமாக, குற்றம் சொல்லாத குரலில் சொன்னார்.

“தெரியவே கூடாதுன்னா, நான் உள்ள வரவே கூடாதும்மா.”

கற்றுக்கொள்ள வருகிறவர்களை ஊரே கேட்கத் திட்டுகிற நான், கட்டிலிலிருந்து எழுந்து நிலைப்படி வரைக்கும்தான் வந்தேன். அவர் திரும்பிப் போய்ச் சோபாவில் தலையணையைப் போட்டார், தட்டிச் சமன் செய்தார்.

“டீ போடட்டுமா?” என்றார் அங்கிருந்தே.

“போடுங்க” என்றேன், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடி.