பூஜை போட்ட பேக்கப்

மாநில எல்லையோர ஜூஜுவாடியில் இருந்த லேத் பட்டறையின் ஆபீஸ் கம்ப்யூட்டர் காலையிலிருந்தே முரண்டு பிடித்தது. டிஸ்கில் துளி இடமில்லையாம். ஆபீஸ் வேலை பார்க்கும் சுமலதா பதறிப்போனாள். பின்னே? பெங்களூரு கம்பெனியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அவளே பிடித்த முதல் ஆர்டர். அவர்கள் அனுப்பிய டிராயிங்கை இறக்கி மதியத்துக்குள் வேலையை ஆரம்பிக்காவிட்டால், ஆர்டர் எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பட்டறை எதற்காவது போய்விடும்.

இடத்தை அடைத்துக் கிடந்தவை ஆயுத பூஜை பேக்கப்கள். முதலாளி கருப்பசாமி கோவில்பட்டிக்காரர். வருஷா வருஷம் பூஜையன்று கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் முழுசாக ஒரு காப்பி எடுத்து, லேத்தோடு அதற்கும் சூடம் காட்டுவார்.

"பழசை அழிச்சிடட்டுமாண்ணா?"

"பூஜை போட்டதை அழிக்கதா? அபச்சாரம் தாயி!"

"ஆர்டர் போயிடும்ண்ணா!"

"வேற எதையாச்சும் அழி. அதுல கை வைக்காத."

கடுப்போடு போன வருஷ பேக்கப்பைத் திறந்தாள். உள்ளே முந்தின வருஷத்து பேக்கப். அதற்குள்ளே அதற்கும் முந்தினது. மனுஷர் பழைய காப்பிகளையும் சேர்த்தே காப்பி எடுத்திருக்கிறார்! சுமலதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கே காட்டிவிடுவோம் என்று முதல் வருஷத்துப் பூஜைப் படம் ஒன்றின் பெயரை அடித்துத் தேடினாள்.

திரை முழுக்கக் கருப்பசாமி. கையில் திருஷ்டிப் பூசணிக்காய், தலையில் காடு மாதிரி சுருட்டை முடி. கீழே தள்ளத் தள்ள அதே கருப்பசாமி, அதே முடி. லேத் ஓட்டும் ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணா, உங்க முடியெல்லாம் இதுக்குள்ளதான் கீதா?"

பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கருப்பசாமி மட்டும் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"அழிச்சா அந்தப் போட்டோ போயிருமேன்னுதாம் தாயி..."

அடப் பாவமே, இதற்குத்தானா! சுமலதாவுக்கு அவர்மேல் பாசமாக வந்தது. ஒரு படத்தைத் தனியே எடுத்துத் திரையின் முகப்பில் பெரிதாக வைத்தாள்.

"இனிமே தெனமும் பாருங்கண்ணா."

அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. சூடம் கொளுத்தி கம்ப்யூட்டருக்கு மூன்று சுற்று சுற்றிவிட்டு, டெலீட்டைத் தானே அழுத்தினார். டிஸ்க் நிறைந்துவிட்டதைக் காட்டிய சிவப்புக் கோடு நீலமானது. டிராயிங் விறுவிறுவென்று இறங்கியது. சுமலதா ஆஞ்சப்பனின் கையைப் பிடித்து ஒரு குதி குதித்தாள்.

டிராயிங்கைத் திறந்ததும் அது திரையை முழுசாக மூடியது. பின்னால் கருப்பசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாயி, அதைக் கொஞ்சம் ஓரமாத் தள்ளிப் போடேன். முடி மறைக்கு."