என்று சொல்கிறார்

ஆணியின் வீட்டுச் சமையலறைக்குக் கதவு கிடையாது. ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்து மாட்டிய தச்சன் அவன். சொந்த வீட்டுக்கு மட்டும் ஏழு வருஷமாக "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெறும் நிலை மட்டும் நிற்கும். கீல் பதிக்க வெட்டிய பள்ளத்தில் அவன் மனைவி தீப்பெட்டியைச் செருகி வைப்பாள். அத்தை வரும்போதெல்லாம், "என்னடா ஆணி, கதவு காத்துல பறந்துடுச்சா?" என்று கேட்பார். இவன் இளித்து மழுப்புவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் ஜெயிலுக்குப் போவதா இல்லையா என்பது கடைசியில் இந்த இல்லாத கதவில்தான் வந்து நின்றது.

ஆணி என்பதும் அவன் அப்பனின் தங்கையான அந்த அத்தை வைத்த பெயர்தான். நாலு வயதில் தாயைப் பறிகொடுத்துவிட்டு அத்தை வீட்டுக்கு வந்தபோது உடம்பு குச்சியாகவும் தலை மட்டும் பெரிதாகவும் இருந்தான். யாராவது கேட்டால், அம்மா மாடிப்படியில் விழுந்து செத்துப்போனாள் என்று சொல்லுவான். அப்பன் குடித்தே போய்ச் சேர்ந்தான். தனக்குப் பிறந்த இரண்டு பெண்களோடு இவனையும் மூன்றாவதாகச் சேர்த்து அத்தை வளர்த்தார். சோற்றிலும் அடியிலும் மூன்று பேருக்கும் ஒரே அளவு.

அத்தைக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை. முப்பத்திரண்டு வருஷம். அவசரப் பிரிவு என்றால் காய்ச்சலும் இருமலும் இல்லை. வெட்டு, குத்து, உடைந்த பாட்டிலால் கிழிந்த வயிறு, சங்கிலியால் அடிபட்ட முதுகு. வீட்டுக்கு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் செருப்பைக் கழுவுவார். தண்ணீர் சிவப்பாக ஓடி நிற்கும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. பிறகு சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். அது முடிந்தால்தான் அடுப்பு. "ஆண்டவன்கிட்டயும் டியூட்டி ரிப்போர்ட் குடுக்குறா உங்கத்தை" என்று மாமா கேலி செய்வார். அத்தை ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்.

அவசரப் பிரிவின் பதிவேட்டில் அத்தைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. நிஜமாகவே வழுக்கி விழுந்து வந்தவருக்கு "வழுக்கி விழுந்தார்" என்று எழுதுவார். வீட்டில் மிதி வாங்கிவிட்டு வந்து, வாசலில் நிற்கிற புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே "வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்கிறவளுக்கு, "வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதுவார். அந்தக் கடைசி வார்த்தைதான் விஷயம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரருக்கு அது தெரியும். பக்கத்தைப் புரட்டி, "சொல்கிறார்" எங்கே என்று தேடி, அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவார். அடிக்கிற ஆம்பிளைகளுக்கு மட்டும் அது தெரியாது. தன் பெண்டாட்டி நன்றாகப் பொய் சொல்லிவிட்டாள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

ஆணிக்குத் தெரியும். தெரிந்தும் செய்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நண்பகலில் அது நடந்தது. அலமாரி கேட்டவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி உள்ளதைச் சொன்னாள்: "இன்னும் பலகையே அறுக்கலைங்க." அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஆணிக்கு ரத்தம் தலைக்கேறியது. முதலில் கன்னத்தில் அறைந்தான். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் திமிறிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். உளியை அடிக்கிற கொட்டாப்புளி கையருகே கிடந்தது. அதை எடுத்து அந்தத் திறந்த நிலை வழியாக வீசினான். வேலை செய்கிற கை, குறி தப்பவில்லை. இடது புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் கண்ணை மூடி, கழுத்து வழியாக இறங்கியது. அவள் கத்தக்கூட இல்லை, உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியில் போகும்போது துணியை அவள் நெற்றியில் அழுத்திக்கொண்டே சொன்னான்: "சமையக்கட்டுக் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லு. வேற ஏதாவது வாயத் தொறந்த, கொன்னே போட்டுடுவேன்."

பாருங்கள், பயத்தில் அவனுக்கு வந்த பொய்யை. வேறு எந்தப் புருஷன் சொன்னாலும் எடுபட்டிருக்கும். நாள் முழுக்கக் கதவிலேயே கிடக்கிறவன் வாயில் கதவுதான் வந்தது.

அன்றைக்கு அத்தைதான் டியூட்டியில் இருந்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"சமையக்கட்டுக் கதவுல இடிச்சுக்கிட்டேன், அத்தை."

"எந்தக் கதவுல?"

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அத்தை திரும்பக் கேட்கவில்லை. டாக்டர் ஏழு தையல் போட்டு முடிக்கும்வரை அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்தார். கையில் ரத்தப் பஞ்சோடு ஸ்டீல் ட்ரே. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆணி எழுந்து, "அத்தை..." என்றான். அத்தை பஞ்சைக் கீழே கொட்டிவிட்டு அந்த ட்ரேயாலேயே அவன் வாயில் ஓங்கி அறைந்தார். ஆள் சுருண்டு பெஞ்சுக்கடியில் விழுந்தான். உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. வரிசையில் இருந்த கால் உடைந்தவர்கூட எழுந்து நின்றுவிட்டார்.

"உங்கப்பன் ரத்தம்டா நீ" என்றார் அத்தை. பிறகு அவனைத் தூக்கி உட்கார வைத்து, அவரே அந்த உதட்டைத் துடைத்து மருந்து போட்டார். மேஜைக்குப் போய்ப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதினார்.

"பெண், வயது முப்பது. இடது புருவத்தின் மேல் கிழிந்த காயம், ஏழு தையல். சமையலறைக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்கிறார்."

"ஆண், வயது முப்பத்தைந்து. கீழுதட்டில் கிழிந்த காயம். நான் அடித்தேன்." கீழே கையெழுத்து.

இரண்டாவது வரிக்கு மேலிடத்திலிருந்து அத்தைக்கு மெமோ வந்தது. முதல் வரிக்கு ஆணியின் மேல் கேஸ் வந்தது. மனைவி அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆணி அத்தையோடு பேச்சை வெட்டிக்கொண்டான். வளர்த்த கை போலீசில் மாட்டிவிட்டதே என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினான். அந்த வாரமே உட்கார்ந்து நல்ல பலகையில் ஒரு கதவு செய்து சமையலறைக்கு மாட்டினான். ஏழு வருஷம் வராத அடுத்த வாரம் அப்போதுதான் வந்தது.

"வீட்டுல முன்னாடி கதவு இல்லங்கிறது யாருக்குத் தெரியும்?" என்று வக்கீல் கேட்டார்.

"என் சம்சாரத்துக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியும்."

"சம்சாரம் கதவுன்னுதான் சொல்லும். அவங்கண்ணன் எங்கிட்டப் பேசிட்டாரு, எத்தனை நாளைக்கு வச்சுச் சோறு போடறதுன்னு அவருக்கும் அலுத்துப்போச்சு. உங்கத்தைதான் இடிக்குது. அது கூண்டுல ஏறினா நீ உள்ளதான்."

அத்தை கூண்டில் ஏறவில்லை. விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பிற்பகலில், தெருவில் ஆரம்பித்த சண்டையை இரண்டு கும்பல் அவசரப் பிரிவுக்குள்ளேயே கொண்டுவந்தது. குத்துப்பட்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனை முடித்துவிட நாலு பேர் கம்பியோடு உள்ளே புகுந்தார்கள். கண்ணாடி உடைந்தது, மருந்து அலமாரி சரிந்தது, டாக்டர் மேஜைக்கடியில் ஒளிந்தார். அத்தை மட்டும் ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் கையை விரித்து நின்று, "இது ஆஸ்பத்திரிடா, வெளிய போங்கடா நாய்களா" என்று கத்தினாராம். குத்துப்பட்டவனுக்கு ஓங்கிய கம்பி அத்தையின் தலையில் இறங்கியது. இரண்டாவது அடியும் அதே இடத்தில் விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் பிழைத்துக்கொண்டான்.

சேதி கேட்டு ஆணி ஓடினான். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, அடி வயிற்றில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது: இனிமேல் சாட்சி இல்லை. அப்படி ஒரு நிம்மதி வந்ததே என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான், ஆனாலும் அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

விசாரணைக்கு முந்தின நாள் மாமா அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "அவ அலமாரிச் சாமானை எடுத்துட்டு வாடா. என்னால அந்த எடத்துக்குள்ள போக முடியல."

அத்தையோடு வேலை பார்த்த கண்ணாடி சிஸ்டர் சாவியைக் கொடுத்தார். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரியில் ஒரு மாற்றுப் புடவை, ஒரு சீப்பு, கழுவி வைத்த செருப்பு, ஓரம் மடங்கிய பிரார்த்தனைப் புத்தகம். அவ்வளவுதான் முப்பத்திரண்டு வருஷம். புத்தகத்தைத் தூக்கும்போது பின்பக்க வெற்றுத்தாள்கள் விரிந்தன. அத்தையின் கையெழுத்து பொடிப்பொடியாக, பக்கம் பக்கமாக ஓடியது.

"தையற்காரி, வயது இருபத்தெட்டு. வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார். காப்பாற்று." "பள்ளிக்கூட டீச்சர். வெந்நீர் கொட்டிக்கொண்டதாகச் சொல்கிறார். காப்பாற்று." தினமும் சுவரோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்தது இவர்களுக்காகத்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கடைசியில் எழுதியிருந்ததைப் பார்த்தான்.

"ஆணியின் பெண்டாட்டி. சமையலறைக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்கிறாள். அந்த வீட்டில் கதவே இல்லை, ஆண்டவனே."

முதல் தாளுக்குப் புரட்டினான். மை மங்கிப் பழுப்பாகியிருந்தது.

"என் அண்ணி, வயது இருபத்தாறு. மாடிப்படியில் விழுந்தார்."

அதில் "சொல்கிறார்" இல்லை. அதற்குக் கீழே, வேறு மையில்: "அண்ணி வாயே திறக்கவில்லை. அண்ணன் காலில் விழுந்தான். விழுந்தார் என்று நான் எழுதினேன்." அதற்கும் கீழே, ஒவ்வொரு வருஷமும் ஒரு மையில், ஒரே வரி திரும்பத் திரும்ப. நான் எழுதினேன். நான் எழுதினேன். எண்ணாமலே தெரிந்தது, அது அவன் அம்மா செத்த வருஷத்திலிருந்து வருகிறது.

ஆணி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எல்லாரும் சொன்னார்கள், அவனும் நம்பிக்கொண்டான். ஆனால் அவன் காதுக்குத் தெரியும். முதலில் சுவரில் தலை மோதுகிற சத்தம் மூன்று தடவை கேட்டது. பிறகுதான் படியில் உருளுகிற சத்தம். பிறகு அப்பன் அவசரமில்லாமல் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தான். அதே மாதிரிதான் இவனும் அன்றைக்கு முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். எங்கே கற்றுக்கொண்டோம் என்று யோசித்ததே இல்லை.

தாளின் அடியில், புது மையில், அவனுக்கென்று ஒரு வரி இருந்தது: "இவன் அப்பனைத் தப்பவிட்டேன். இவனையும் தப்பவிடாதே. என் பிள்ளை இவன்."

வாயைப் பொத்திக்கொண்டு அவன் போட்ட ஊளையில் கண்ணாடி சிஸ்டர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கோர்ட்டில் அவன் மனைவி கூண்டில் ஏறினாள். புருவத்துக்கு மேலே தையல் தழும்பு பளபளவென்றிருந்தது. அவளுடைய அண்ணன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டை வாசித்துவிட்டு, "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள். "சமையக்கட்டுக் கதவுல இடிச்சுக்கிட்டேங்க."

வக்கீல் திரும்பி ஆணியைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். ஆணி எழுந்தான். வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டான்.

"ஐயா, அவளாச் சொல்லல. அது நான் சொல்லிக்கொடுத்தது. எங்க வீட்டுச் சமையக்கட்டுக்குக் கதவே கெடையாது. கேஸ் வந்த அப்புறம்தான் நான் செஞ்சு மாட்டினேன். முடியப் புடிச்சுச் சுவத்துல மோதினேன். கொட்டாப்புளிய வீசினேன். அதுலதான் பொளந்துச்சு."

மனைவி முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. கூண்டின் கைப்பிடியை விட்டுவிட்டு நேராக நின்றாள், அவ்வளவுதான். "கதவு இல்லைங்கிறது உண்மைதாங்க" என்றாள்.

நீதிபதி டைப் அடிப்பவருக்குச் சைகை காட்டினார். அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார்: "மனைவியைச் சுவரில் மோதி, கொட்டாப்புளியால் அடித்ததாகச் சொல்கிறார்..."

"ஐயா, அந்தச் 'சொல்கிறார்' வேணாங்கய்யா" என்றான் ஆணி. "நான் அடித்தேன்னே போடுங்க."