வேலிக்குப் பின்னால் நாற்பத்தொரு பேர்

டூலுங்கா ஊர் அருங்காட்சியகத்தை வியாழக்கிழமைகளில் திறப்பது நான். சம்பளம் கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. என் கணவர் ரெஜ் போன பிறகு, வாரத்தில் நான் வாய் திறந்து பேச வாய்ப்புள்ள ஒரே நாள் அதுதான். அதுவும் யாராவது வந்தால். கோதுமை லாரிக்காரன் எட்டிப் பார்ப்பான், கழிப்பறை எங்கே என்று கேட்க.

வருடத்துக்கு நாற்பது பேராவது பார்வையாளர் புத்தகத்தில் பெயர் எழுதாவிட்டால் மூடிவிடுவோம் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

பொய்ப்பெயர்கூட வரவில்லை எனக்கு. எதிரே கண்ணாடிப் பெட்டியில் ஒரு பழைய படத் தபால் அட்டை இருந்தது. 1914இல் எங்கள் ஊரில் முதல் விமானம் இறங்கியபோது எடுத்த புகைப்படம். அறுவடை முடிந்த வயலில் கட்டையும் துணியும் கம்பியுமாக விமானம். வேலிக்குப் பின்னால் நாற்பத்தொரு பேர். யாரோ ஒரு புண்ணியவான் எல்லாருடைய பெயரையும் விசாரித்து அடியில் தட்டச்சு செய்திருந்தார். வாரத்துக்கு ஒருவராக, இடமிருந்து வலமாக எழுத ஆரம்பித்தேன். ஆளுக்கொரு கருத்தும் போட்டேன். உம்மென்று நின்ற ஒருவருக்கு, 'விமானம் பரவாயில்லை, டீ மோசம்.' போகப் போக அவர்களோடு பேசவும் தொடங்கிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் நாட்டில் ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் நகராட்சியிலிருந்து க்ரெய்க் ஹாகெட் வந்தான். புத்தகத்தைப் புரட்டியவன் ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"மிஸஸ் ட்ரெலோர், க்ளெம் ஹாகெட் மார்ச்ல இங்க வந்தாரா?"

"வந்திருப்பார்."

"எங்க தாத்தா. அவர் செத்து அம்பது வருஷமாச்சு. 'மறுபடி வருவேன்'னு வேற எழுதியிருக்கார்."

என் முகம் சுட்டது. அவனைப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப்போனேன். எல்லாரும் விமானத்தைப் பார்க்க, கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞனைக் காட்டினேன்.

"இவரா? வீட்ல இருந்த போட்டோவெல்லாம் தீயில போயிடுச்சு. மொகத்தையே பாத்ததில்ல நான்." நெடுநேரம் குனிந்தே நின்றான். பிறகு கேட்டான், "புத்தகத்துல எல்லாமே பொய்தானா?"

"ஆமாப்பா. இத மூடிட்டா வியாழக்கிழமை நான் எங்க போவேன்?"

"நெசமா யார்தான் வந்தாங்க?"

"நீதான்."

அவன் சிரிக்கவில்லை. தன் பெயரை எழுதினான். தாத்தாவின் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து, 'எத்தனை பேர்' என்ற இடத்தில் இரண்டு என்று போட்டுவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

"நீங்களும் எழுதுங்க."

"நான் கதவு தெறக்கிறவ. பார்வையாளர் இல்ல."

"வாராவாரம் நின்னு பாக்குறீங்கள்ல? எழுதுங்க."

ஏவிஸ் ட்ரெலோர் என்று எழுதினேன். எத்தனை பேர்? ஒன்று. அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய ஒரே உண்மை அது.

ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அவன் உள்ளதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பான், கோபமில்லை, கொஞ்சம்தான். தபால் அட்டை தலைநகர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. க்ரெய்க் அதைப் பெரிதாகப் பிரதி எடுத்து எனக்கு அனுப்பிவைத்தான். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்து, டீக்குத் தண்ணீர் போடுகிறேன். மறுபடி வருவேன் என்று சொன்னவர் ஒருவர்தான். அதை எழுதியதும் நான்தான்.