கொல்லையில் அடித்த மருந்து

வரதனைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, வெளுத்த வேட்டி கட்டித்தான் செய்யூரிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். உதடும் நகமும் மட்டும் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அன்று நான்தான் டியூட்டி டாக்டர். மருந்து கிருந்து குடித்தாரா, கொல்லையில் பயிருக்கு ஏதாவது அடித்தாரா என்று அவர் மனைவி வேண்டாவிடம் கேட்டேன். இல்லவே இல்லை, மார்வலிதான் என்று ஒரே பிடியாக நின்றாள். அதை நம்பி இதயத்தையே சுற்றிச்சுற்றி வந்தேன். ஈ.சி.ஜி.யில் கோளாறில்லை, நுரையீரலும் சுத்தம். ஆக்சிஜன் வைத்தும் நீலம் குறையவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

ரத்தம் எடுத்தேன். டிகாஷன் நிறம். காற்றுப் படவிட்டும் சிவக்கவில்லை. ஏதோ ரசாயனம் உள்ளே போய், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி கெடுத்திருக்கிறது. அதை முறிக்கும் ஊசி எங்களிடம் இல்லை. சென்னைக்கு ஆள் அனுப்பிவிட்டு வேண்டாவைத் தனியே இழுத்துப் போனேன். குடித்தார் என்று எழுத மாட்டேன், உள்ளதைச் சொல் என்றேன்.

"கடலை நல்லா பூ வைக்கணும்னு பூ மருந்து அடிச்சிகினு இருந்தாரு. காத்து திரும்பி மூஞ்சி மேலயே வந்துச்சி. மருந்துன்னா குடிச்சிட்டான்னு போலீஸ் கேஸாக்கிடுவாங்க. வூட்ல ரெண்டு பொண்ணு கீது, டாக்டரம்மா."

வாடை தெரியக்கூடாது என்றுதான் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். கொல்லையில் மயங்கி விழுந்தவனைக்கூட ஊரில் மருந்து குடித்தவன் என்றுதான் சொல்வார்களாம். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்களாம். வந்ததுமே சொல்லியிருந்தால் ஊசிக்கு அப்போதே ஆள் போயிருக்கும். யாரைத் திட்டுவது?

ஊசி வந்தபோது வரதனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். ஏற்றினோம். துடிப்பு திரும்பவில்லை. கை ஓய்ந்து நிறுத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேண்டா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வந்தவுடனே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

பொய் சொல்லும் சொந்தக்காரர்களை வார்டே அதிரத் திட்டுகிறவள் நான். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லம்மா. அப்பவும் காப்பாத்தியிருக்க முடியாது."