வடை சாப்பிட்ட வாயும் ஞானேந்திரனின் பொனட்டும்

சிவாஜினி கடைசியில் சம்மதித்தாள், ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை.

"ஒருக்காத்தான் விடுவன். நல்ல கூடாப் பாத்து எடுத்தா கராஜ் உங்களுக்கு. உதவாததைக் கொண்டந்தியளெண்டா கராஜில என்ர பிறீசர் நிக்கும். நீங்கள் வெளியில நிப்பியள்."

அவள் புருசன் மகேந்திரராசா கலியாணத்துக்கு முன்பிருந்தே கண்ட கனவு அது. பழைய காரொன்றின் எஞ்சினையும் சில்லுகளையும் எடுத்து, மேலே பைபர்கிளாஸ் வெளிக்கூட்டைப் பூட்டி, இரண்டு பேர் இருக்கிற திறந்த காரொன்றைத் தன் கையால் கட்டவேண்டும். புவாண்ட்-கிளேரில் களஞ்சியசாலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் வீடியோ பார்த்தே மனுசன் பாடமாக்கிவிட்டார். கூட்டின் தரம் பெயின்ற் மினுக்கத்தில் இல்லையாம். ரியூப் லைற்றின் வெளிச்சம் மேலே விழுந்தால் அந்த வெளிச்சக் கோடு நெளியாமல் ஓடவேண்டும். தட்டினால் எங்கும் ஒரே சத்தம் வரவேண்டும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. பழகுவதற்காக வீட்டு பிரிட்ஜ், குளிக்கிற தொட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் கார் எல்லாவற்றையும் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது பொன்ஜூர் என்று வணக்கம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

முதலில் பார்த்தது லாவாலில் செலீன் என்கிற பெண் விற்ற கூடு. பத்து நிமிடத்தில் பதினான்கு குறை சொல்லி, மெர்சி என்று நன்றியும் சொல்லி, திரும்பிவிட்டார். செலீன் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிறகு நாக்குக்கு என்ன தடை?

தடை ரொக்ஸ்பரோவில் இருந்தது. அங்கே ஞானேந்திரன் தானே அச்சுச் செய்து, தானே வார்த்து, ஒரு கூடு வைத்திருந்தார். சிவாஜினியின் பெரியப்பா மகள் அஜிதாவைக் கட்டியவர். சொந்தக்காரர் வீடென்றால் தேத்தண்ணி வரும், குடித்தால் குறை சொல்ல முடியாது. ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவர் சாமானைப் பழிக்கிற துணிச்சல் எங்கள் ஆட்களில் யாருக்கு உண்டு?

"இஞ்சாரும், அங்க பச்சைத் தண்ணியும் தொடக்கூடாது, விளங்குதே?" என்று மகேந்திரராசா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நானே கார் வாங்கப் போறன்? நான் வடிவாச் சாப்பிடுவன்" என்றாள் சிவாஜினி.

சொன்னபடியே சாப்பிட்டாள். அஜிதா கொண்டுவந்த ஆட்டிறைச்சி ரோல்ஸில் மூன்று. மகேந்திரராசா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வேண்டாம் அக்கா, இண்டைக்குச் சனிக்கிழமை விரதம்" என்றார்.

"அட, முதலே சொல்லக்கூடாதே!" என்று உள்ளே ஓடின அஜிதா கொஞ்ச நேரத்தில் சுடச்சுட உளுந்து வடையோடு வந்தாள். "அரைச்ச மா பிரிட்ஜில இருந்தது. மச்ச மாமிசம் படாத புதுச் சட்டியில உங்களுக்கெண்டே சுட்டது." அதற்கு மேல் மறுக்க அவர் என்ன கல்லா? ஒன்றோடு நிற்கக்கூடாதென்று இரண்டாவதும் வந்தது. பிறகு தேத்தண்ணி.

கராஜுக்குள் போனார்கள். கூட்டின் முன்மூடியான பொனட்டில் ரியூப் லைற்றின் கோடு சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து ஓடியது. தட்டினார். ஓரிடம் 'டங்' என்றது, பக்கத்தில் 'தொப்' என்றது. சிவாஜினி, பட்டுச் சீலையின் உள்பக்கத்தைப் பார்க்கிறவள் போலக் கூட்டின் கதவைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே குமிழ் குமிழாக வெள்ளைத் திட்டுகள். அவள் புருசனைப் பார்த்தாள். மகேந்திரராசா வாயைத் திறந்தார்.

"சோக்காயிருக்கு அண்ணை."

பாழாய்ப்போன வடை புகழ வைத்துவிட்டது! இனி இதை வாங்கத்தான் வேண்டும், கராஜ் கைவிட்டுப் போகிறதே!

ஞானேந்திரனின் முகம் மலரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டார். "நீரும் சோக்கெண்டுறீர். ஏழு பேர் வந்து பாத்தவை. ஏழு பேரும் சோக்கெண்டிச்சினம். ஒருத்தரும் திரும்பி வரேல்லை. ரண்டு வருசமா என்ன பிழையெண்டு விளங்காமல் மண்டையைப் பிச்சுக்கொண்டு இருக்கிறன் தம்பி."

மகேந்திரராசாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுசனை ஏழு பேர் சாப்பிட்டுச் சாப்பிட்டே ஏமாற்றியிருக்கிறார்கள், இப்போது எட்டாவது ஆளாகத் தானும்.

"அண்ணை, குறை நினைக்கக்கூடாது. பொனட் நெளிஞ்சிருக்கு."

ஒன்று வந்ததுதான், மற்றதெல்லாம் தானாக வந்தது. கதவுக் குமிழ், மட்காட்டின் மெல்லிய விளிம்பு, ஒரு பக்கம் விரல் போகிற இடைவெளி, மறுபக்கம் நகமும் போகாத இடைவெளி. வாசலில் வடைத் தட்டோடு வந்த அஜிதா அப்படியே நின்றுவிட்டாள்.

ஞானேந்திரன் எழும்பி, பொனட்டில் கன்னத்தை வைத்து, வெளிச்சம் ஓடுவதை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "கோதாரி! அச்சையே நான் சரியாத் தேய்க்கேல்லை. இதைத் திருத்தலாமே! ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

எல்லோரும் வடைத் தட்டைப் பார்த்தார்கள்.

"அச்சைத் திருத்தி உமக்குப் புதுசா ஒண்டு வாக்கிறன்" என்று மகேந்திரராசாவின் கையைப் பிடித்துக்கொண்டார் ஞானேந்திரன். "வந்து பாரும். ஆனா வெறும் வயித்தோட வாரும்."

திரும்பி வரும்போது சிவாஜினி சிரித்துக்கொண்டே வந்தாள். "கராஜ் உங்களுக்குத்தான். ரண்டு வடை திண்டிட்டும் உண்மை சொல்லிப்போட்டியள். நான் நினைக்கவே இல்லை."

மகேந்திரராசாவுக்குச் சந்தோசத்தில் ஸ்டியரிங் பிடிபடவில்லை.

"அதுசரி," என்றாள் அவள், சிவப்பு விளக்கில் கார் நின்றதும். "இருபத்தாறு வருசமா என்ர மீன் குழம்பை என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

அவர் விளக்கையே பார்த்தார். அது பச்சையாகிற வழியைக் காணோம்.

"சோக்கு" என்றார்.

சிவாஜினி யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்குக் கராஜில பிறீசருக்கு அளவெடுப்பம்."