ஐரின் அக்கா அடிக்கச் சொன்ன கடிதம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அடித்திருக்க வேண்டியது ஒரு கடிதம். அதைத் தள்ளிப்போடுவதற்காக வந்ததுதான் இந்தக் கதை.

நாகல் நகரில் ஒரு மாடியில் இருக்கும் தட்டச்சுப் பயிலகத்தில் நான் மாலை வகுப்பு மாணவன். பகலில் ஒரு பூட்டு மொத்தக் கடையில் பில் போடுகிறேன். போன வாரம் ஐரின் அக்கா, "ஏலே, நீதான் தமிழ் டைப்பிங் படிக்கிறியே, கருவூலத்துக்கு ஒரு கடுதாசி அடிச்சுக் குடு" என்றாள். எங்கள் அம்மா இறந்த பிறகு திருமணமாகாத மகள் என்ற முறையில் அவளுக்கு வந்துகொண்டிருக்கும் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லும் கடிதம். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

மெஷினில் தாளைச் செருகினேன். அனுப்புநர், பெறுநர் அடித்தேன். 'பொருள்' என்று அடித்து இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் சார் வந்து கேட்பார் என்பதால் வேறொரு தாளில் எதையாவது அடிக்கத் தொடங்கினேன். நீங்கள் படிப்பது அந்த எதையாவதுதான்.

(எங்கள் மெஷினில் அழிக்கும் கட்டை கிடையாது. பாதியில் விட்ட வாக்கியங்கள் அப்படியே கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கம் ஒன்று: சென்ற ஆண்டு ஒரு மழைநாள் காலையில் அம்மா

அன்று மழை இல்லை. நல்ல வெயில். மழை இருந்தால் சாவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நானாகப் போட்டது.

தொடக்கம் இரண்டு: அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற திருமதி அன்னாள் பவுல்ராஜ் அவர்கள்

இது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இதுதான் பிடித்திருக்கும். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். எங்கள் இருவரையும் வளர்த்தது அம்மாவின் இரவுப் பணிகள்தான். ஓய்வுபெற்ற பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்டக் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போகும்போது, கஞ்சி போட்ட சேலையும் பழைய பணிக் கைக்கடிகாரமுமாகத்தான் போவார். "உசுரோட இருக்கேன்னு காட்டப் போறது. கசங்கிப்போயா நிக்கிறது?" என்பார்.

தொடக்கம் மூன்று: அம்மா இறந்த மறுமாதமும் அவருடைய கணக்கில் ஓய்வூதியம் வந்துவிட்டது.

இது நிற்கும். கதை இங்கிருந்துதான் போகிறது. இறப்புச் சான்று கைக்கு வந்து நாங்கள் கருவூலத்தில் தெரிவிப்பதற்குள் அந்த மாதத் தொகை ஏறிவிட்டது. சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, ஏடிஎம் கார்டுதான் இருக்கிறதே, நம்பரும் தெரியும், எடுத்துக் காரியச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் செய்வதுதான் என்றார். அக்கா துணி வெட்டும் கத்தரியை எடுத்துக் கார்டை இரண்டாக வெட்டினாள். மறுநாளே, கூடுதலாக வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. இந்த அக்காவை நீங்கள் நம்புவீர்களா? இவ்வளவு நேர்மையான ஒருத்தியைக் கதையில் வைத்தால் வாசகர் கொட்டாவி விடுவார்.

ஆகவே அவளுடைய மற்ற குணங்களையும் எழுதுகிறேன். வீட்டில் பிளவுஸ் தைப்பதுதான் அவள் தொழில். தைத்தது இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது வந்தால், தப்பை ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "அளவு குடுத்தப்ப நீங்க இம்புட்டு இல்லையே" என்பாள். கொத்தமல்லிக் கட்டுக்குத் தெருவே கேட்கப் பேரம் பேசுவாள். கார்டை வெட்டியதில் கத்தரி மழுங்கிவிட்டது என்று இரண்டு நாள் என்னைத் திட்டினாள். வெட்டியது நானல்ல. என் டைரியைக் கேட்காமல் எடுத்துப் படிப்பாள். இந்தப் பக்கங்களையும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "எல்லாம் சரி, பென்சன் எம்புட்டுன்னு மட்டும் எழுதிராத" என்றாள். அதனால் தொகை இந்தக் கதையில் வராது.

(என்னையும் முழுதாக நம்ப வேண்டாம். என் தட்டச்சு வகுப்புக் கட்டணம் அந்தத் தொகையிலிருந்துதான் போகிறது. அது நிற்க வேண்டும் என்று நான் விரும்புகிறேனா, நிற்கக் கூடாது என்று விரும்புகிறேனா என்பது எனக்கே தெளிவாக இல்லை. ஒரு கடிதத்தை இத்தனை நாள் அடிக்காமல் இருப்பவனிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.)

4

குடும்ப ஓய்வூதியம் சும்மா வந்துவிடவில்லை. வாரிசுச் சான்று வாங்கினோம். எனக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டதால் எனக்குக் கிடையாது, அக்காவுக்குத்தான் என்றார்கள். அதற்குத் திருமணமாகாதவர் சான்று வேண்டும். வி.ஏ.ஓ. தெருவுக்கு விசாரிக்க வந்தார். மரியநாதபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஃபாயிஸா அக்கா இருக்கிறார். முதல் சாட்சி அவர்தான். பேனாவை வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் அக்காவைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலன்னு நான் கையெழுத்துப் போடணுமா? ஆகணும்னுல்ல நான் துவா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அக்காதான் முதலில் சிரித்தாள். "இப்பப் போடுங்க. துவா பலிச்சா அடிச்சு விட்றலாம்" என்றாள்.

அந்தச் சிரிப்பில் வருத்தம் தோய்ந்திருந்தது என்று

இல்லை. தோயவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அது நல்ல சிரிப்பு.

முதல் மாதம் பணம் வந்ததும் அம்மாவுக்காக ஒரு பூசைக்குக் கொடுத்தாள். வங்கிப் புத்தகத்தில் தன் பெயரை விரலால் தடவிக் காட்டி, இதெல்லாம் அம்மாவின் நைட் டியூட்டி என்றாள். ஒவ்வோர் ஆண்டும் நேர்காணலுக்குப் போய், இன்றுவரை எனக்குத் திருமணம் ஆகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆண்டு போட்டாள். அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் போனாள்.

5

அடுத்து வருபவரை எழுதத்தான் எனக்குத் தெரியவில்லை. ஆண்டனிராஜ். ஒட்டன்சத்திரம் பக்கம். சின்ன வெங்காயமும் கத்திரிக்காயும் ஏற்றும் மினி வேன் ஓட்டுகிறார். மனைவி இறந்துவிட்டார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். அவளுடைய புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, வெள்ளை கவுன் தைக்கத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அளவு சரியில்லை என்று மூன்று முறை வந்தார். தப்பை ஒத்துக்கொள்ளாத என் அக்கா மூன்று முறையும் பிரித்துத் தைத்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவரைக் கதாநாயகனாக்கப் பார்த்தேன். அகன்ற தோள்களும் அமைதியான கண்களும் கொண்ட

தோள் சாதாரணத் தோள்தான். ஒருநாள் ஓய்வூதியத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவரை நேராகவே கேட்டேன். வேனின் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க தம்பி, அந்தப் பணம் வேண்டாம்னு நான் சொன்னாலும் நல்லா இருக்காது. வேணும்னு சொன்னாலும் நல்லா இருக்காதுங்க. அது அவங்க அம்மா சம்பாதிச்சது. அவங்க ரோசனை பண்ணட்டும். நான் வண்டியிலயே இருக்கறனுங்க."

சொன்னபடி, வீட்டில் அந்தப் பேச்சு எடுத்தபோதெல்லாம் வண்டியிலேயே இருந்தார். இப்படி ஒதுங்கி நிற்கும் ஆளை வைத்துக்கொண்டு ஒரு கதாசிரியன் என்ன செய்வது?

6

சித்தி ஒரு வழி சொன்னார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்று ஊரறியச் சொல்வது. ஆயர் இல்லத்தில் அனுமதி வாங்கினால் ஓலை வாசிக்காமலே விட்டுவிடலாம். தூரத்தில் எங்காவது சிறிய கோவிலில் தாலி கட்டிக்கொண்டு, கருவூலத்துக்கு மட்டும் எப்போதும் போல எழுதிக் கொடுத்துவிட்டால் பணம் பாட்டுக்கு வரும். சித்தி கெட்டவர் அல்ல. முப்பத்தெட்டு வயதில் இரண்டாம் தாரமாகப் போகிறவளுக்கு நாளைக்கு ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள் என்று அழுதார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. நிறுத்தினால் நிறுத்தியதுதானா, பின்னால் தேவைப்பட்டால் கேட்க முடியுமா என்று உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை.

அக்கா ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சித்தி, அம்மா முப்பத்தோரு வருசம் ஊசி போட்டுச்சு. வராத நோயாளிக்குப் போட்டேன்னு ஒரு நாளும் எழுதல. நான் வந்த புருசன இல்லன்னு எழுதவா?"

சித்தி மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, பட்டு எங்கே எடுப்பது என்று கேட்டார்.

மறுநாள் நாங்கள் கருவூலத்துக்கு விசாரிக்கப் போனோம். அங்கே நஜ்முன்னிசா மேடம் என்றொருவர். அக்கா சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார். "ஏன் நின்னு போச்சுன்னு கேட்டு வாரவகதான் அதிகம். நீங்க நிறுத்துங்கன்னு வந்திருக்கீக" என்றார். கல்யாணம் முடிந்ததும் கடிதம் எழுதி, அழைப்பிதழை இணைத்துக் கொண்டுவரும்படி சொன்னார். நாங்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்: "பத்திரிகை ஃபைலுக்கு மட்டும்தானா, எங்களுக்கெல்லாம் கிடையாதா?" அக்கா திரும்பிப் போய் அந்தப் பிரிவில் இருந்த எல்லோர் பெயரையும் எழுதி வாங்கி வந்தாள்.

7

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையை நான் எழுதியே ஆக வேண்டும்.

"நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற பவுல்ராஜ், காலஞ்சென்ற அன்னாள் ஆகியோரின் மகள் ஐரின்..."

வழக்கமாக அந்த இடத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண்களின் பெயர்கள்தான் வரும். அக்கா பிளவுஸ் தைத்துக் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி வேறு திசையில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கருவூலத்தில் வேலை பார்ப்பவர்கள் யாரும் பூசைக்கு வந்திருக்கிறார்களா என்று பார்த்தாராம். பழக்கதோஷம். அக்கா நேராகப் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெட்கம் இல்லை. நேர்காணலுக்குப் போகும் அம்மாவைப் போல நிமிர்ந்து, கசங்காமல்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்றால்

பெருமை எழுத்துக்கு நல்லதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அடித்தாகிவிட்டது.

8

முடிவுக்கு வருவோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) அக்கா சித்தியின் யோசனையைக் கேட்கிறாள். பணம் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தாலியை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டு கருவூலக் கவுண்டர் முன்னால் நிற்கிறாள். பேனாவை எடுக்கிறாள். எடுத்து

நான்கு முறை முயன்றேன். இந்தக் கதாபாத்திரம் பேனாவைத் தாளில் வைக்க மறுக்கிறது.

(ஆ) அக்கா கல்யாணத்தை வேண்டாம் என்கிறாள். ஆண்டனிராஜ் ஒரு மூட்டை வெங்காயத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வண்டியை எடுக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மனுசன் போகவே மாட்டாரு. அப்படியே போனாலும் வெங்காயத்த விட்டுட்டுப் போவாராக்கும்? விலை என்னன்னு தெரியுமாலே உனக்கு?"

ஆக, என் இரண்டு முடிவுகளும் போய்விட்டன. கடிதம் மட்டும் மிச்சம். நேற்று மாலை அடித்துவிட்டேன். எங்கள் மெஷினில் நான் தப்பில்லாமல் அடித்த முதல் பக்கம் அது. அதன் கடைசி வரி: 'எனக்குத் திருமணம் ஆகிவிட்டதால், என் தாயாரின் பணிக்காக எனக்கு வழங்கப்பட்டுவரும் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

இன்று காலை அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"வேண்டுறதுக்கு என்ன இருக்கு அப்பு? நான் என்ன கேக்கவா போறேன்? தெரிவிச்சுக்கிறேன்னு போடு."

பின்னால உனக்கு ஏதாச்சும் ஆனா, என்று கேட்டேன். இத்தனை நாள் இதைக் கேட்காமல் இருக்கத்தான் கதை அடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"ஆனா தைப்பேன். தைக்கத் தெரியாதா எனக்கு? உன் டைப்பிங் பீசையும் தைச்சே கட்டுவேன். தாளை மாத்து."

9

மாற்றிவிட்டேன். இது சனிக்கிழமை வகுப்பு. நாளை மூன்றாம் ஓலை. புதன்கிழமை கல்யாணம். சின்னாளப்பட்டியில் எடுத்த சேலை பீரோவில் இருக்கிறது. புதிய தாள் மெஷினில் இருக்கிறது.

பொருள்: குடும்ப ஓய்வூதியம் நிறுத்துதல் - தெரிவித்தல் - தொடர்பாக.
இணைப்பு: திருமண அழைப்பிதழ்.
நாள்: ...............

நாளுக்குப் புள்ளிதான் வைத்திருக்கிறேன். கையெழுத்து இடமும் காலி. அந்த இரண்டும் என் வேலை இல்லை. அந்த நாள் இன்னும் நடக்கவில்லை. அதை நானாக எழுதினால் மழையெல்லாம் பெய்ய வைத்துவிடுவேன்.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். ஓய்வூதிய வேலையாக நீங்களும் கருவூலத்துப் பக்கம் வரக்கூடும். வரிசையில் உங்களுக்கு முன்னால் மருதாணிக் கையோடு, மஞ்சள் மாறாத தாலியோடு, பழைய கைக்கடிகாரம் கட்டிய ஒருத்தி நிற்பாள். வெளியே ஒரு மினி வேன் நிற்கும். ஓட்டுநர் இறங்கியிருக்க மாட்டார். என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவளிடம் சும்மா கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வாள். அதை முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.